பெட்டி எவருடையது? — ‘கோடி’ மென்பொருளின் வரலாறு

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது என்பது சந்தைச் சமுதாயம் தன்னைப்பற்றிக் கூறிக்கொள்ளும் முதல் விதி. நிலத்தை விற்றவர், அந்நிலத்தில் இனி எதைப் பயிரிட வேண்டுமென வாங்கியவருக்குக் கட்டளையிடுவதில்லை. ஆயினும், இன்று தொலைக்காட்சியின் அருகே அமர்ந்திருக்கும் சிறு பெட்டியைப் பொறுத்தவரையில் இவ்விதி செல்லுபடியாவதில்லை. அதில் எந்த நிரல் இயங்கலாம், எது இயங்கலாகாது என்பதை வாங்கியவரல்லர், செய்தவரே தீர்மானிக்கிறார். இந்நிலை எவ்வாறு தோன்றியது, அதனை எதிர்த்தோர் யாவர், அவர்தம் உழைப்பின் பயன் எவர் கைக்குச் சென்றது என்னும் வினாக்களுக்கு விடைகாண, ‘கோடி’ என்னும் பொது மென்பொருளின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவும். நம் செவிக்கு எண்ணுப் பெயராக ஒலிக்கும் இது, படம், இசை, நிழற்படம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தித் தொலைக்காட்சித் திரையில் இயக்கும் நிரலாகும்.

வரலாறு 2001ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்குகிறது. அமெரிக்காவில் மைக்ரோசொப்ட் நிறுவனம் ‘எக்ஸ்பொக்ஸ்’ என்னும் விளையாட்டுப் பெட்டியை 299 டொலருக்கு விற்கத் தொடங்கியது. பெட்டியைத் திறந்து நோக்கியோர் உள்ளே கண்டது ஒரு சாதாரணக் கணினியையே: 733 மெகாஹேட்ஸ் வேகமுள்ள இன்டெல் செயலி, 64 மெகாபைட் நினைவகம், ஒரு வன்தட்டு. இத்தகைய பெட்டிகள் உற்பத்திச் செலவிலும் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. இலாபமோ பின்னர் விற்கப்படும் விளையாட்டுகளிலிருந்து கிடைத்தது. ஆதலின், நிறுவனத்தின் இலத்திரனியல் ஒப்பம் பெறாத எந்த நிரலையும் பெட்டி இயக்க மறுக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. இந்தப் பூட்டு பொறியியலின் தேவையாற் பிறந்ததன்று, வணிகமுறையின் தேவையாற் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஆய்வு மாணவராயிருந்த அன்ட்ரூ ஹுவாங் 2002இல் அப்பெட்டியின் இரகசியச் சாவியொன்றைக் கண்டறிந்து வெளிப்படுத்தினார். அவர் எழுதிய நூலை வெளியிட ஒப்புக்கொண்ட பதிப்பகம், 1998ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு அஞ்சிப் பின்வாங்கியது. நூல் 2003இல் வேறு வழியால் வெளிவந்தது. தான் வாங்கிய பொருளின் உள்ளமைப்பை ஒருவர் விளக்கி எழுதுவதே அச்சத்துக்குரிய செயலாயிற்று.

இச்சூழலிலேதான் பல நாடுகளிலிருந்த நிரலாளர்கள் சிலர், ஊதியம் எதுவுமின்றி, அப்பெட்டியைக் குடும்பத்தின் படக்கூடமாக மாற்ற முனைந்தனர். 2002இல் ‘எக்ஸ்பொக்ஸ் மீடியா பிளேயர்’ தோன்றியது. அதன் வழித்தோன்றலான ‘எக்ஸ்பொக்ஸ் மீடியா சென்டர்’, சுருக்கமாக ‘எக்ஸ்பிஎம்சி’, தன் முதற் பதிப்பை 2004 யூன் 29இல் வெளியிட்டது. மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம், ஆனால் திருத்தியதை வெளியிடுவோர் அதே உரிமையைப் பிறருக்கும் வழங்க வேண்டும் என விதிக்கும் ஜிபிஎல் உரிமமே அதற்கு அடிப்படை.

இங்கு விந்தையான முரண்பாடொன்று தோன்றியது. மூலநிரலை இயங்குநிரலாக மாற்றுவதற்கு வேண்டிய கருவித் தொகுதி மைக்ரோசொப்டுக்கே உரியது. அனுமதி பெற்றோருக்கு மட்டுமே அது வழங்கப்பட்டது. ஆகையால், குழுவினர் தம் மூலநிரலை உலகறிய வெளியிட்டனர். இயங்குநிரலையோ சட்டப்படி வெளியிட முடியவில்லை. எழுதிய கை சுதந்திரமானது. எழுதப்பட்டதை இயக்கும் கருவி பிறருடையது.

இம்மென்பொருளை ஒரு மேதையின் தனிப்படைப்பாகக் கருதுவதும் தவறாகும். ஹங்கேரியில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ‘எம்பிளேயர்’, அதே ஆண்டில் பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரிஸ் பெலார்ட் தொடக்கிவைத்த ‘எஃப்எஃப்எம்பெக்’ ஆகிய பொது மென்பொருள்களின் தோள்மீதே அது நின்றது. பலர் உழைத்துப் பொதுவில் வைத்த செல்வத்தின்மீது பின்வந்தோர் தம் உழைப்பைச் சேர்த்தனர்.

உயர்தெளிவுப் படங்கள் பரவத் தொடங்கியபோது பழைய எக்ஸ்பொக்ஸின் வலு போதவில்லை. 2007 முதல் குழுவினர் தம் மென்பொருளை லினக்ஸுக்கு மாற்றி எழுதலாயினர். 2008 நவம்பரில் வெளிவந்த ‘அட்லாண்டிஸ்’ பதிப்பு லினக்ஸ், விண்டோஸ், மக் கணினிகளிலும் அப்பிள் நிறுவனத்தின் முதலாவது தொலைக்காட்சிப் பெட்டியிலும் இயங்கியது. 2010இல் எக்ஸ்பொக்ஸ் மூலத் திட்டத்திலிருந்து நீங்கியது. பெயரில் எஞ்சியிருந்த அதன் நிழலும் 2014இல் ‘கோடி’ என்னும் புதுப்பெயர் சூடியபோது மறைந்தது.

இதே காலத்தில் இரு கிளைகள் பிரிந்தன. ‘பிளெக்ஸ்’ தனியார் நிறுவனமாகி, தன் முக்கிய பகுதிகளை மூடிய நிரலாக வளர்த்தது. ‘பொக்ஸி’ முதலீட்டாளரின் பணம் பெற்று, 2010இல் டி-லிங்க் நிறுவனம் செய்த பெட்டியொன்றில் சந்தைக்கு வந்தது. 2013இல் சாம்சங் நிறுவனம் அதனை வாங்கியது. பெட்டியின் வளர்ச்சி நின்றது. வாங்கியோர் கைவிடப்பட்டனர். தாய்மரமோ இலாப நோக்கற்ற அறநிலையமொன்றின் காப்பில், நன்கொடையாலும் தொண்டர் உழைப்பாலும் தொடர்ந்து வளர்ந்தது. உரிமம் பொதுவாயிருந்தமையால் எவராலும் அதனை வாங்கி அடக்கிவிட முடியவில்லை.

ஆனால், மூலநிரல் திறந்திருப்பது மட்டும் போதுமா? 1999இல் சந்தைக்கு வந்த ‘டிவோ’ என்னும் ஒளிப்பதிவுப் பெட்டி இவ்வினாவை எழுப்பியது. அது லினக்ஸைப் பயன்படுத்தியது. உரிமத்தின் எழுத்துக்கு இணங்க மூலநிரலையும் வெளியிட்டது. எனினும், திருத்திய நிரலைப் பெட்டியில் ஏற்றினால் பெட்டி இயங்க மறுத்தது. உரிமை காகிதத்தில் இருந்தது. கதவு பூட்டியே கிடந்தது. இதற்கு மறுமொழியாகவே, ரிச்சர்ட் ஸ்டோல்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2007 யூன் 29இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பை வெளியிட்டு, அதன்கீழ் வரும் மென்பொருளை வீட்டுப் பாவனைப் பெட்டிகளில் இவ்வாறு பூட்டுவதைத் தடைசெய்தது. லினக்ஸின் ஆக்குநர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை ஏற்கவில்லை: உரிமம் திருத்திய நிரலைத் திருப்பிக் கேட்கலாம், பொறி எவ்வாறு அமைய வேண்டுமெனக் கட்டளையிடலாகாது என்பது அவர் வாதம். நிரலாளரின் நிலையிலிருந்து நோக்கின் இவ்வாதத்தில் நியாயமுண்டு. ஆனால், பெட்டியைப் பாவிப்பவரின் நிலையிலிருந்து நோக்கின், திறக்க முடியாத கதவுக்குப் பின்னால் வைத்த செல்வம் இல்லாத செல்வமே.

2012 பெப்ரவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிஜ் நகரத்து அறநிலையமொன்று மாணவருக்கென வெளியிட்ட ‘ராஸ்பெரி பை’ வேறொரு வழியைக் காட்டியது. 35 டொலர் விலையுள்ள அச்சிறு கணினிப் பலகையில், ‘ஓபன்எலெக்’ முதலிய லினக்ஸ் தொகுதிகள் வழியாக இதே மென்பொருளை இயக்க முடிந்தது. கடவுச்சாவியைத் திருட வேண்டியதில்லை, கதவே திறந்திருந்தது. எனினும், பழைய டிவிடி படங்களின் சுருக்க முறையான எம்பெக்-2 ஆக்கவுரிமையாற் கட்டுண்டிருந்தது. வன்பொருளில் ஏற்கெனவே அமைந்திருந்த அவ்வாற்றலைத் திறப்பதற்குத் தனியாக 2.40 பவுண் செலுத்த வேண்டியிருந்தது. ஏழை மாணவனின் பலகையிலும் ஆயக்காரன் அமர்ந்திருந்தான். அம்முறையின் கடைசி அமெரிக்க ஆக்கவுரிமை 2018இலேயே காலாவதியாயிற்று.

பின்னர் மலிவான அன்ட்ரொயிட் பெட்டிகள் சந்தையை நிறைத்தன. கோடி எந்தப் படத்தையும் தன்னோடு கொண்டுவருவதில்லை. ஆனால், எவரும் இணைப்பு நிரல் எழுதலாம் என்ற அதன் திறந்த அமைப்பைப் பயன்படுத்தி, அனுமதியற்ற படங்களைக் கொணரும் நிரல்களை ஏற்றிய பெட்டிகளை வணிகர் விற்கத் தலைப்பட்டனர். 2015இல் அமேசன் தன் நிரற்கடையிலிருந்து கோடியை நீக்கியது. 2017 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், நெதர்லாந்து வழக்கொன்றில், அத்தகைய இணைப்புகளோடு பெட்டி விற்பதே பதிப்புரிமை மீறல் எனத் தீர்ப்பளித்தது.

இவ்விடயத்தில் நாம் உணர்ச்சிவசப்படலாகாது. பதிப்புரிமையின் பெயரால் ஏகபோகங்கள் கொழுப்பது உண்மை. அதற்காக இப்பெட்டி வணிகரை மக்கள் வீரராக எண்ணுவது பேதைமை. படத்தொழிலாளரின் உழைப்பையும் தொண்டர்களான நிரலாளரின் உழைப்பையும் அவர் ஒருங்கே விற்றனர். இருவருக்கும் எதுவும் கொடுத்திலர். பழியோ கோடியின் பெயர்மீது விழுந்தது. வாங்கிய மக்களும் தப்பவில்லை. பெயரறியாத மலிவுப் பெட்டிகள் பல, தீய நிரல்கள் பொதிந்த நிலையிலேயே விற்கப்பட்டு வருவதை 2023ஆம் ஆண்டு முதல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். 2025 யூனில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையும் இதுபற்றி எச்சரித்தது. மூலநிரல் வெளியிடப்படாத பெட்டிக்குள் என்ன நடக்கிறதென வாங்கியவர் அறிய வழியில்லை.

இதற்கிடையில் பூட்டும் இடம்பெயர்ந்தது. இன்று அது பெட்டியில் மட்டுமன்றி, இணையவழி வரும் படத்திலும் இருக்கிறது. 2019 சனவரியில் வெளிவந்த கோடியின் 18ஆம் பதிப்பு, பூட்டிய படங்களை முறைப்படி சந்தா செலுத்திப் பார்ப்பதற்கு வழிசெய்தது. ஆனால், சாவி கூகிளின் ‘வைட்வைன்’ போன்ற மூடிய நிரல்களிடமே உள்ளது. சான்றளிக்கப்படாத பெட்டியில் சந்தா செலுத்தியவருக்கும் படம் பெரும்பாலும் தெளிவு குன்றியே கிடைக்கிறது.

இவ்வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. பூட்டை உடைத்ததால் கிடைத்த சுதந்திரம் அடுத்த பெட்டி சந்தைக்கு வரும்வரையே நிலைத்தது. பொதுவுடைமையாக எழுதப்பட்ட நிரலோ இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பெட்டிகள் பல மடிந்த பின்னும் வாழ்கிறது. எனினும், நிரல் பொதுவாயிருக்க, அதனை இயக்கும் பொறியும் சாவியும் ஏகபோகத்திடம் இருக்கும்வரை அவ்வாழ்வு இரவல் வாழ்வே. ஆகவே, பாடசாலைக்கோ நூலகத்துக்கோ ஒரு கருவி வாங்கும்போது, அதன் விலை என்ன என்பதோடு, அதன் சாவி எவரிடம் உள்ளது என்றும் நம் ஆசிரியர்கள் கேட்க வேண்டும். மாணவர்களும் அக்கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும். அதற்குத் தெளிவான விடை தர மறுக்கும் கருவியைப் பொதுப்பணத்தில் வாங்குவதில்லை என்ற முடிவு, சட்டம் எதுவும் மாறுமுன்னரே நம்மால் எடுக்கக்கூடிய முடிவாகும்.