ஓர சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டி.வி-யில் சேனல் மாற்றிக்கொண்டே வந்தபோது அந்த விசில் சத்தம். கந்தல் சட்டையும் கிழிந்த பூட்ஸுமாக பிரிட்டிஷ் சிப்பாய்கள் விசிலடித்தபடி நடந்து வருகிறார்கள். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'! ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்தப் படத்தை முதலில் அப்பாவோடுதான் பார்த்தேன், மதுரை ரீகல் தியேட்டரில். அப்பாவிடம் ஒரு விசித்திரப் பழக்கம். தியேட்டரே காலியாகக் கிடந்தாலும், கதவுக்குப் பக்கத்து ஓர சீட்டில்தான் உட்காருவார். 'நடுவுல உட்காரலாம்ப்பா' என்று கெஞ்சினாலும் நடக்காது.

1957-ல் டேவிட் லீன் எடுத்த படம். ஏழு ஆஸ்கர்! ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் கைதிகள் சயாம் காட்டில் ரயில் பாலம் கட்டுகிறார்கள். அதைத் தகர்க்க ஒரு கமாண்டோ கோஷ்டி வருகிறது. இலங்கையில், கித்துள்கல என்ற இடத்தில், களனி ஆற்றின் மேல் நிஜமாகவே மரப்பாலம் கட்டி, வெடிவைத்துப் படமாக்கினார்கள். பாலமும் ரயிலும் ஆற்றில் விழுந்தபோது தியேட்டரே கைதட்டியது. நானும்தான். திரும்பிப் பார்த்தால், அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே டீக்கடையில் மெள்ளக் கேட்டார்: ''நம்மாளு ஒருத்தனைக்கூடக் காட்டலையேடா?''

அன்றுதான் தாத்தா கதையைச் சொன்னார்.

தாத்தா, மலேயா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. தாத்தாவின் கடிதமும் மணியார்டரும் நின்றுபோயின. பர்மாவில் இருந்த படைகளுக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாகிவிட, சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டைக் குடைந்து ரயில் பாதை போட முடிவெடுத்தார்கள். 415 கிலோமீட்டர்! 1943 அக்டோபரில் முடித்தும் விட்டார்கள்.

எப்படி? அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகள். அவர்களைப்போல மூன்று மடங்கு ஆசியக் கூலிகள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர்... மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். முதலில் 'நல்ல சம்பளம்' என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராததும் பிடித்துப்போக ஆரம்பித்தார்கள். தப்பி வந்தவர்கள் சொன்ன ஒரு தந்திரம் உண்டு. இலவச சினிமா என்று அறிவிப்பார்கள். ஜனம் உள்ளே நிறைந்ததும், கதவைச் சாத்திவிடுவார்கள். அப்படியே சயாமுக்கு!

1946-ல் ஊர் திரும்பிய ஒருவர் பாட்டியிடம் வந்து, ''அண்ணன் சினிமா பார்க்கத்தான் போனாரு மதினி. கதவைச் சாத்திட்டானுக'' என்றாராம். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

கைதிகளில் செத்தவர்கள் சுமார் 12,000 பேர். கூலிகளில்? எழுபதாயிரம் என்கிறார்கள், தொண்ணூறாயிரம் என்கிறார்கள், அதற்கும் மேலே என்கிறார்கள். சிப்பாய்களுக்கு அதிகாரி இருந்தார், டாக்டர் இருந்தார், பேரேடு இருந்தது. மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலிகளுக்கு இதில் எதுவுமே கிடையாது. எண்ண ஆளில்லாததால்தான் கணக்கும் இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ ஏழாயிரம் சிப்பாய்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தாத்தா எந்தக் கிலோமீட்டரில் கிடக்கிறாரோ!

இன்னொரு விஷயம். அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மேன், மைக்கேல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்ட் முத்திரை குத்தப்பட்டு, ஹாலிவுட்டில் தடை செய்யப்பட்டவர்கள். அதனால் டைட்டிலில் அவர்கள் பெயர் இல்லை. மூல நாவலாசிரியர் பியர் பூலுக்கு ஆஸ்கரைக் கொடுத்துவிட்டார்கள். 1984-ல்தான் அகாடமி தவறைத் திருத்தி, இருவருக்கும் விருதை உரிமையாக்கியது.

விட்டுப்போன இரண்டு பெயர்களைச் சேர்க்கவே அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஓர சீட்டில் உட்கார்ந்தபடியே, ''அப்ப நம்மாளுங்க பேரு எப்படா வரும்?'' என்றுதான் கேட்டிருப்பார்.