மைரெட், எத்தல் (1872–1952)

ஆங்கிலேயக் கைநெசவாளர், இயற்கைச் சாய வல்லுநர். டெவன் மாவட்டத்தின் பார்ன்ஸ்டபிளில் பிறந்தவர். முதல் கணவர், ஈழத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. அவருடன் இலங்கையில் வாழ்ந்த ஆண்டுகளில் சிங்களக் கைவினைகளை நேரில் கண்டார். நெசவின்மீது ஆர்வம் பிறந்தது அங்கேதான் எனலாம். பின்னர் சசெக்ஸ் பகுதியின் டிட்ச்லிங் சிற்றூரில் ‘காஸ்பல்ஸ்’ என்ற வீட்டோடு பட்டறையும் அமைத்து, நூற்பு, சாயமேற்றல், நெசவு மூன்றையும் ஒரே கூரையின்கீழ் நடத்தினார். மஞ்சிட்டி வேர், அவுரி, வால்நட் தோடு, பாறைப்பாசி எனச் சாயப்பொருள்களையும் படிகாரம் போன்ற நிறம் பிடிக்கச் செய்யும் பொருள்களையும் விளக்கும் இவரது தாவரச் சாய நூல் 1916இல் வெளியானது. சமையல் குறிப்புபோல் அளவு சொல்லும் இந்நூல் இன்றும் பயன்படுகிறது. பட்டறையில் பயின்றவர்களுள் எலிசபெத் பீகாக் குறிப்பிடத்தக்கவர். தொழில்துறைக்கான அரச வடிவமைப்பாளர் பட்டம் பெற்ற முதல் பெண் மைரெட்டே.