நெடுஞ்சாலையின் கைம்மொழி

ஒற்றையடிப் பாதையில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டும். யார் ஒதுங்குவது என்பதை முகக்குறிப்பே முடிவு செய்துவிடும். சுமை தூக்கி வருபவரைக் கண்டால் வெறுங்கையினர் விலகுவர். முதியவரைக் கண்டால் இளையவர் விலகுவர். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை. கண்ணும் முகமும் போதும். ஆனால் மனிதன் இரும்புக் கூண்டுக்குள் அமர்ந்து விரைந்து செல்லும் மோட்டார் வண்டியில் ஏறியபின்னர் அவனது முகம் பிறர்க்கு மறைந்துபோயிற்று. முகத்தால் பேசியதைக் கையாலும், பின்னர் விளக்காலும் பேசவேண்டியதாயிற்று. லோரி, பேருந்து முதலிய பெருவண்டிகளை ஓட்டுவோர் நெடுஞ்சாலையில் தமக்குள் வழங்கிவரும் வழிவிடு குறிப்புகள் இவ்வாறு தோன்றியவையே.

தமிழர்க்கு வண்டித்தொழில் புதிதன்று. உப்பு வணிகராகிய உமணர் வண்டிகளை வரிசையாகச் செலுத்திக்கொண்டு உள்நாடு செல்லும் காட்சி சங்க நூல்களிற் பல இடங்களில் வருகிறது. மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறியுமோ என்று அஞ்சி உமணர் கட்டிச் செல்லும் 'சேமவச்சு' என்னும் மாற்று அச்சினை, புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார். வழியிடை நேரும் இடரை முன்னறிந்து காக்கும் மனப்பாங்கு வண்டியோட்டிகளின் பழஞ்சொத்து என்பதற்கு இஃது ஒரு சான்று. வரிசையாகச் செல்லும் வண்டிகளில் முன்வண்டிக்காரனின் கண்ணுக்கே வழியின் பள்ளம் முதலிற் படும். தான் கண்டதைப் பின்வருபவர்க்கு உணர்த்துவதே வண்டித்தொழிலின் முதல் மரியாதை எனலாம். இன்றைய லோரி ஓட்டுநரின் விளக்குக் குறிப்பும் அடிப்படையில் அதுவேயாகும்.

1786இல் ஆங்கிலேயர் குடியேற்றமாகத் தொடங்கிய பினாங்கின் ஜோர்ஜ்டவுன் நகரிலும் முதலிற் சாலையை ஆண்டவை மாட்டு வண்டிகளே. துறைமுகத்துச் சரக்கும் நகர மக்களுக்கான நீரும் அவற்றிலேயே சென்றன. அவ்வண்டிகளை ஓட்டியவர்களுள் தமிழர் பலராவர். பர்மா சாலைக்கு அந்நகரத்துச் சீனர் வழங்கும் பெயர், வண்டியில் நீர் கொண்டுசென்ற சாலை என்று பொருள்படுவது. வண்டிகள் மறைந்தபின்னும் பெயர் நிலைத்துவிட்டது. மாட்டின் கழுத்து மணியும், இரவில் வண்டியிற் கட்டிய விளக்கும், வண்டிக்காரரின் குரலுமே அக்காலத்துச் சாலைக் குறிப்புகள். வண்டியின் வேகம் நடையின் வேகத்தினும் மிகாதபோது குரல் போதியதாக இருந்தது.

மோட்டார் வண்டி வந்தபின் குரல் எட்டாமற் போயிற்று. கையே மொழியாயிற்று. இங்கிலாந்தில் 1931ஆம் ஆண்டு நெடுஞ்சாலை நெறி நூலின் முதற் பதிப்பு ஒரு பென்னி விலையில் வெளிவந்தது. ஓட்டுநர் கையால் காட்டவேண்டிய குறிப்புகள் அதில் விளக்கப்பட்டன. குதிரை வண்டிக்காரர் சாட்டையைத் தலைக்குமேற் சுழற்றி, திரும்பும் திசையில் சாய்த்துக் காட்டவேண்டும் என்றும் அந்நூல் கூறிற்று. சாட்டையும் மோட்டாரும் ஒரே நூலில் இடம்பெற்ற காலம் அது. ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் வண்டிகள் சாலையின் இடப்புறமாகவே சென்றன. ஆதலால் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்தார். அவரது வலக்கை ஒன்றே வெளியே தெரிந்தது. நிற்கப்போவதையும், வேகத்தைக் குறைப்பதையும், திரும்புவதையும் அந்த ஒரு கையாலேயே சொல்லவேண்டியிருந்தது.

இக்குறிப்புகளுள் பெரும்பாலானவை ஓட்டுநர் தம்மைப்பற்றிச் சொல்பவை: 'நான் திரும்புகிறேன்', 'நான் நிற்கிறேன்' என்பன போன்றவை. ஒன்று மட்டும் பிறரைப்பற்றியது. 'நீ முந்திச் செல்லலாம்' என்பதே அது. அக்குறிப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் லோரியை மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் கார் முந்துவதாகக் கொள்வோம். லோரியின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி ஆகியவற்றைச் சேர்த்தால் கார் லோரியைவிட ஏறத்தாழ 50 மீட்டர் மிகுதியாகச் செல்லவேண்டும். அதற்கு 9 வினாடி ஆகும். அந்த 9 வினாடியில் கார் 175 மீட்டர் சென்றுவிடும். எதிரே அதே வேகத்தில் மற்றொரு வண்டி வருமாயின் அதுவும் 175 மீட்டர் நெருங்கிவிடும். ஆகவே 350 மீட்டர் தொலைவு வெறுமையாக இருந்தாலன்றி முந்துதல் ஆகாது. உயர்ந்த இருக்கையில் அமர்ந்த லோரி ஓட்டுநர்க்கு அத்தொலைவு தெரியும். அவரது லோரியின் முதுகையே பார்த்துக்கொண்டு பின்னே வருபவர்க்குத் தெரியாது. தமக்குத் தெரிவதைப் பின்வருபவர்க்குத் தெரிவிப்பது, தம் கண்ணை அவருக்குக் கடனாகத் தருவதை ஒக்கும்.

இந்த மரியாதையைச் சட்டமே எழுதிவைத்த நாடு இந்தியா. 1939ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் குறிப்புகள் பற்றிய அட்டவணையில், பின்வருபவர் முந்தலாம் என்று விரும்பும் ஓட்டுநர் தம் வலக்கையை வண்டிக்கு வெளியே கிடையாக நீட்டி, முன்னும் பின்னுமாக அரைவட்டமாய் வீசவேண்டும் என்று விதிக்கப்பட்டது. சென்னை மாகாணத்துச் சாலைகளிலும் அக்கைவீச்சே வழங்கிற்று. பழைய சட்டம் நீங்கி 1988ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின்னரும், 1989இல் இயற்றப்பட்ட சாலை விதிகளில் அக்குறிப்பு அப்படியே இடம்பெற்றது.

பினாங்கிற்கும் தீபகற்பத்திற்கும் இடையே 1985 செப்டம்பரில் பாலம் திறக்கப்படும்வரை, தீவிலிருந்து புறப்படும் லோரிகள் பெர்ரியிலேறியே பட்டர்வொர்த் சேர்ந்தன. அங்கிருந்து வடக்கே சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் நோக்கியும், தெற்கே நிபோங் திபால், தைப்பிங், ஈப்போ நோக்கியும் சென்றது பழைய நெடுஞ்சாலை. போவதற்கு ஒரு தடம், வருவதற்கு ஒரு தடம்; இருமருங்கும் தோட்டங்களும் வயல்களும் சிற்றூர்களும். சுமையேற்றிய லோரியின் பின்னே கார்களும் பேருந்துகளும் வால்போல் நீண்டு ஊர்ந்தன. ஓட்டுநருக்குத் துணையாக, மலாய் மொழியில் 'கெலிண்டான்' எனப்படும் உதவியாளர் அமர்ந்திருப்பார். இத்தகைய சாலையிலேதான் மலேசிய லோரிகளின் விளக்குமொழி வழங்கலாயிற்று. முன்செல்லும் லோரியின் இடப்பக்க விளக்கு மின்னினால் எதிர்ப்புறம் வெறுமையாக உள்ளது, முந்தலாம் என்பது பொருள். வலப்பக்க விளக்கு மின்னினால் எதிரே வண்டி வருகிறது, முந்தாதே என்பது பொருள்.

கை போய் விளக்கு வந்த இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. இடையில் சிலகாலம், மோரிஸ் மைனர் முதலிய கார்களில் பக்கத்தூணிலிருந்து ஒளியுடன் வெளியே நீளும் சிறு கைகாட்டி இருந்தது. இரயில் பாதையின் கைகாட்டியைப் போன்ற அதுவும் மறைந்து, மின்னும் விளக்கு எங்கும் பரவிற்று. 1939லேயே அமெரிக்காவின் பியூக் கார்களில் அவ்விளக்கு அமைந்திருந்தது. மனிதக் கை நீளும், மடியும், தாழும், வீசும். ஒவ்வோர் அசைவும் ஒரு சொல். திசைவிளக்குக்கோ இரண்டே சொற்கள்: இடம், வலம். 'முந்தலாம்' என்பதற்குத் தனிச்சொல் இல்லாமையால், ஓட்டுநர்கள் அவ்விரண்டனுள் ஒன்றின்மீதே அப்பொருளையும் ஏற்றினர்.

எதன்மீது ஏற்றுவது என்பதில் நாடுகள் வேறுபட்டன. மலேசிய லோரி ஓட்டுநர் இடவிளக்கைத் தேர்ந்தார். 'நான் இடப்புறம் ஒதுங்குகிறேன், நீ செல்' என்னும் கருத்து அதில் அடங்கும். இந்தியச் சாலைகளிற் பலவிடங்களில் லோரி ஓட்டுநர் வலவிளக்கை மின்னவிட்டுப் பின்வருபவரை முந்தச் சொல்கின்றார். வலப்பக்கம் வீசிய பழைய கையின் இடத்தை வலப்பக்க விளக்கு எடுத்துக்கொண்டது என்று கருத இடமுண்டு. இரண்டிற்கும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒரு நாட்டில் 'வா' என்பது மற்றொரு நாட்டில் 'வராதே' ஆகிறது. தமிழகத்துச் சாலையிற் பழகிய ஒருவர் பினாங்குக்கு வந்து வண்டியோட்ட நேர்ந்து, வலவிளக்கை அழைப்பாகக் கொண்டால், எதிரே வரும் வண்டியின் முன்னே சென்று நிற்பார். ஒரே மொழி பேசும் இருவரிடையே ஒரே குறிப்பு இருபொருள் படுவதால் விளையும் கேடு இது.

இன்னொரு கேடும் உண்டு. வலவிளக்கு, 'முந்தலாம்' என்பதோடு 'நான் வலப்புறம் திரும்புகிறேன்' என்னும் தன் இயல்பான பொருளையும் விடவில்லை. அழைப்பு என்று எண்ணி முந்துபவர்முன் லோரி குறுக்கே திரும்பிவிடலாம். வலப்புறமாக வண்டியோட்டும் மெக்சிகோ நாட்டிலும் இதே குழப்பம் இடவிளக்கால் நேர்கிறது. அங்கே முந்தலாம் என்பதற்கும் இடப்புறம் திரும்புவதற்கும் ஒரே விளக்கு. முன்விளக்கை மின்னவிடுவதிலும் இத்தகைய முரண் காணப்படுகிறது. இங்கிலாந்து ஓட்டுநர் அதனை 'நீ செல்' என்னும் பொருளில் வழங்குகிறார். இந்திய ஓட்டுநர் 'நான் வருகிறேன், விலகு' என்னும் பொருளில் வழங்குகிறார். இதனாலேயே பிரிட்டனின் நெறிநூல், தாம் இருப்பதை அறிவிப்பதற்கன்றி வேறெந்தச் செய்திக்கும் முன்விளக்கை மின்னவிடலாகாது என்று அறிவுறுத்துகிறது.

சாலையில் இவ்வாறு வழக்கத்திற்கு விடப்பட்டதைக் கடல் தெளிவான சட்டமாக்கிக்கொண்டது. பினாங்கு வாய்க்காலில் கப்பல்களின் ஊதலைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும். 1972இல் வகுக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலகக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, குறுகிய நீர்வழியில் முன்செல்லும் கப்பல் ஒதுங்கினாலன்றி முந்த இயலாதபோது, பின்வரும் கப்பல் தன் விருப்பத்தை ஊதி அறிவிக்கவேண்டும். இரண்டு நெட்டொலியும் ஒரு குற்றொலியும் ஊதினால் வலப்புறமாக முந்த விரும்புகிறது; இரண்டு நெட்டொலியும் இரண்டு குற்றொலியும் ஊதினால் இடப்புறமாக. முன்கப்பல் இசைந்தால் நெடில், குறில், நெடில், குறில் என ஊதி விடையிறுக்கும். ஐயம் தோன்றினால் ஐந்து குற்றொலி. நெடிலும் குறிலும் அறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்விதி ஒரு யாப்புப்பாடம் போலவே தோன்றும். இங்குக் கேள்வியும் உண்டு, விடையும் உண்டு, ஐயத்திற்கும் ஒரு சொல் உண்டு. எல்லா நாட்டுக் கப்பலுக்கும் பொருள் ஒன்றே. சாலையின் விளக்குமொழியில் இல்லாதவை இவையே.

சாலை மாறினால் அதன் மொழியும் மாறும். பழைய கைக்குறிப்புகள் பாடநூலில் நிலைத்தன, பயன்பாட்டில் தேய்ந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்துடன் செல்லும் வண்டியிற் கையை நீட்டுபவர் அரியர். மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையடைந்தபோது, போகும் தடமும் வரும் தடமும் தனித்தனியே பிரிந்தன. எதிரே வண்டி வராத சாலையில் 'முந்தலாம்' என்னும் அழைப்புக்குத் தேவை இல்லை. அங்கே மரியாதை வேறு வடிவம் கொண்டது. பிரிட்டனில் ஒரு லோரி மற்றொன்றை முந்தி முடிக்கும் வேளையில், முந்தப்பட்ட லோரியின் ஓட்டுநர் முன்விளக்கை மின்னவிட்டு, 'உன் வால் கடந்துவிட்டது, உள்ளே வரலாம்' என்று தெரிவிப்பார். முந்தியவர் இட வல விளக்குகளை மாற்றி மாற்றி மின்னவிட்டு நன்றி கூறுவார். ஜப்பானில் வழிவிட்டவர்க்கு நான்கு விளக்குகளையும் ஒருசேர மின்னவிட்டு நன்றி தெரிவிக்கும் வழக்கம் உண்டு. தோட்டங்களுக்கு இடையே செல்லும் இருதடச் சாலைகளிலோ பழைய அழைப்பு விளக்குக்கு இன்றும் வேலை இருக்கிறது.

ஒலியாற் பேசும் வழக்கமும் இவ்வரலாற்றில் அடங்கும். முந்துவோர் ஒலியெழுப்ப வேண்டும் என்று இந்திய லோரிகளின் பின்புறத்தில் எழுதிவைப்பது நெடுநாள் வழக்கம். பின்னே வருபவரைக் காணக் கண்ணாடி போதாத காலத்தில் அஃது ஒரு வேண்டுகோள். வண்டிகள் பெருகியபோது அதுவே இரைச்சலுக்குக் காரணமாயிற்று. 2015இல் மகாராட்டிர மாநில அரசு அவ்வாசகத்தை எழுதுவதைத் தடைசெய்தது. ஒருகாலத்தில் மரியாதையாக இருந்தது மற்றொரு காலத்தில் தொல்லையாகலாம் என்பதற்கு இது சான்று.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்று உண்டு. வழிவிடும் குறிப்பு ஆணையன்று, தகவலே. முன்செல்பவர் தம் கண்ணைக் கடனாகத் தரலாம். தம் பொறுப்பைத் தர இயலாது. அவர் விளக்கிட்ட நொடிக்கும் பின்வருபவர் வண்டியைத் திருப்பும் நொடிக்கும் இடையே வளைவிலிருந்து ஒரு வண்டி தோன்றிவிடலாம். ஆகவே குறிப்பைக் கண்டவர் நன்றியோடு ஏற்றுக்கொண்டு, தம் கண்ணாலும் ஒருமுறை பார்த்த பின்னரே முந்துதல் வேண்டும். குறிப்புக் காட்டுபவரும் தம் விளக்கு வேறு பொருள் தருமோ என எண்ணிப் பார்த்தல் வேண்டும். நல்லெண்ணம் மட்டும் உயிரைக் காவாது. அந்நல்லெண்ணம் பிறர்க்குத் தெளிவாக விளங்கவும் வேண்டும். சொல்லுக்குப் பொருந்துவது விளக்குக்கும் பொருந்தும். கேட்பவர் கொள்ளும் பொருளே சொல்லின் பொருள். பின்வருபவர் கொள்ளும் பொருளே விளக்கின் பொருள்.

ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், பெயரும் ஊரும் அறியாமல், சில வினாடிகளே உடன்செல்லும் இருவரிடையே நிகழும் உரையாடல் இது. கைம்மாறு கருதாது செய்யப்படுவது. முந்திச் சென்றவர் மீண்டும் எதிர்ப்படுவார் என்பதும் இல்லை. இரவுநேரத்தில் பட்டர்வொர்த் நோக்கி வரும் லோரியொன்று இடவிளக்கை இருமுறை மின்னவிட்டுச் சற்றே ஓரம் ஒதுங்குகிறது. பின்னே வந்தவர் எதிரே நோக்கி, கடந்து, கையுயர்த்திச் செல்கிறார். உமணர் வரிசையில் முன்வண்டிக்காரர் ஆற்றிய கடமையே அங்கும் ஆற்றப்படுகிறது.