சொத்தும் சொல்லும்: நெகிரி செம்பிலானின் மூன்று குடும்பங்கள்



சுங்கை காடுட்டில் ‘எஸ்டேட்’ என்று சொன்ன அளவில் ரப்பர் மரங்களும் லயத்து வீடுகளும் பால் நிறுக்கும் கொட்டகையும் நம் மனக்கண்முன் தோன்றும். ஆங்கிலச் சட்டநூலில் அதே சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. ஒருவர் இறக்கும்போது விட்டுச்செல்லும் சொத்து முழுவதையும் அது குறிக்கும். நம் பாட்டனும் பாட்டியும் முதற்பொருளுக்குரிய எஸ்டேட்டில் பிறந்து, உழைத்து, மறைந்தார்கள். இரண்டாம் பொருளுக்குரிய எஸ்டேட் அவர்களில் பெரும்பாலோர்க்கு வாய்க்கவே இல்லை. ஒரு சொல்லின் இவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள தொலைவே இன்றைய உரையின் பொருள்.

நான் மொழியியல் பயின்றவன், வழக்கறிஞன் அல்லன். எனினும் மரபுரிமைச் சட்டத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஓர் உண்மை எனக்கு விளங்கியது. எந்தக் குடும்ப அமைப்புக்குச் சட்டநூலில் ஒரு பெயர் கிடைத்ததோ, அந்தக் குடும்பத்தின் சொத்து காக்கப்பட்டது. பெயர் கிடைக்காத குடும்பம் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. நெகிரி செம்பிலான் மண்ணிலேயே இதற்குச் சான்று காட்டலாம்.

சொற்கள் சொல்லும் செய்தி

முதலில் நம்மிடம் உள்ள சொற்களைப் பார்ப்போம். ‘உயில்’ தமிழ்ச்சொல் போலவே ஒலிக்கிறது. அது ஆங்கில ‘வில்’ என்பதன் திரிபு. ‘வாரிசு’ அரபு மூலத்திலிருந்து வந்தது. மலாயில் வழங்கும் ‘வாரிஸ்’ அதன் உடன்பிறப்பு. நம்பி ஒப்படைத்த பொருளை மலாயர் ‘அமானா’ என்பர். தமிழ் முஸ்லிம்கள் ‘அமானிதம்’ என்பர். இரண்டிற்கும் வேர் ஒன்றே. சொத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான ‘ஹர்த்தா’, வடமொழி ‘அர்த்த’ என்பதிலிருந்து பிறந்தது.

உயிலுக்கு நாம் ஏன் கடன் வாங்க வேண்டியிருந்தது? தமிழகத்தில் இந்துக்களிடையே வழங்கிய மிதாட்சர முறையில் குடும்பச் சொத்து தனியொருவருடையதாகக் கருதப்படவில்லை. ஆண் பங்காளிகள் அனைவர்க்கும் பிறப்பினாலேயே அதில் உரிமை உண்டு. ஒருவர் இறந்தால் அவர் பங்கு எஞ்சியோரிடம் தானே சென்று சேரும். இறப்பவர் தம் விருப்பப்படி எழுதிவைக்க அதில் தனிப்பட எதுவும் இல்லை. வழக்கம் இல்லாத இடத்தில் சொல்லும் இல்லை.

அதே தமிழர், இறைவனுக்கு அளித்த கொடையைக் காப்பதில் வியக்கத்தக்க தெளிவு உடையவராக இருந்தனர். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிவதற்கு 96 ஆடுகள் விடப்பட்ட செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பல இடங்களில் கூறுகின்றன. அவ்வாடுகளை அவை ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கும். தனித்தனி ஆடு மூப்படையும், சாகும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காத்து, நெய்யை மட்டும் அளந்து வர வேண்டும் என்பது கருத்து. பொன்னை ஊர்ச்சபையிடம் முதலாக வைத்து, பொலிசையாகிய வட்டியைக் கொண்டு வழிபாடு நடத்தியதும் இம்முறையே. முதல் அழியாதிருக்க, பயன் மட்டும் செலவாக, பொறுப்பேற்றவர் அதைத் தமக்கென ஆளாமல் பிறர்க்கென ஆள வேண்டும் என்னும் இக்கருத்து, இன்று ‘டிரஸ்ட்’ என வழங்கும் பொறுப்பாண்மையின் கருவை ஒத்தது. பிற்காலத்தில் வணிகர்கள் தம் வரவில் ஒரு பகுதியை அறத்திற்கென ஒதுக்கிய ‘மகமை’யும் இம்மரபில் வந்ததே. இறைவனுக்காக இவ்வளவு கருத்தாக எழுதிய நாம், மனைவிக்கும் மக்களுக்கும் எழுதும் பழக்கத்தைப் பெறவில்லை.

முதற்குடும்பம்: வணிகர்

இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரை நாம் அறிவோம். வட்டிக்குப் பணம் கொடுப்பவரை மலாய்மொழி இன்றும் ‘செட்டி’ என்று குறிப்பதே அவர்தம் பரவலுக்குச் சான்று. பிரித்தானிய ஆட்சியாளர் இலங்கையிலும் மலாயாவிலும் எஸ்டேட் வரி எனப்பட்ட மரண வரியைக் கொண்டுவந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. தனியொருவர் இறந்தால் அவர் சொத்துக்கு வரி கேட்கலாம். சொத்து கூட்டுக்குடும்பத்தினுடையது என்றால் யார் இறந்ததாகக் கொள்வது? குடும்பம் இறக்கவில்லையே!

இலங்கைச் சட்டம் இதற்கு விடையாக, பிரிவுபடாத இந்துக் குடும்பத்தின் உறுப்பினர் ஒருவர் இறந்தால் அக்குடும்பத்தின் கூட்டுச்சொத்துக்கு மரண வரி இல்லை என விலக்களித்தது. இந்த விலக்கின் எல்லை அருணாசலம் செட்டியார் வழக்கில் சோதிக்கப்பட்டது. தந்தையும் மகனும் ஆகிய இருவரே அக்குடும்பத்தின் ஆண் பங்காளிகள். இருவர்க்கும் அதே பெயர். மகன் 1934ஆம் ஆண்டிலும் தந்தை 1938ஆம் ஆண்டிலும் மறைந்தனர். தந்தை இறக்கும்போது அவரைத் தவிர ஆண் பங்காளி எவரும் இல்லை. குடும்பத்தில் எஞ்சியிருந்தோர் பெண்களே. ஒரே ஆண் இருந்த குடும்பத்தின் சொத்தைக் ‘கூட்டுச்சொத்து’ என எப்படிச் சொல்வது என்று அரசு வாதிட்டது.

வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1957ஆம் ஆண்டில் முடிந்தது. தீர்ப்பு அரசுக்கு எதிராக அமைந்தது. அக்குடும்பத்தின் பெண்களுக்கு அச்சொத்திலிருந்து வாழ்க்கைச் செலவு பெறும் உரிமை உண்டு. தத்தெடுப்பின் வழியே புதிய பங்காளி வருவதற்கும் இடம் உண்டு. ஆகவே ஆண் ஒருவரே எஞ்சினாலும் குடும்பம் பிரிவுபடாத குடும்பமே, சொத்தும் கூட்டுச்சொத்தே என்பது அதன் சாரம். பின்னர் 1966ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றமும் கௌளி புத்தண்ணா என்னும் வருமானவரி வழக்கில் இத்தீர்ப்பைப் பின்பற்றியது.

மாணவர்கள் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். பங்காளி உரிமை பெறாத பெண்களே அக்குடும்பம் சட்டத்தின் கண்ணில் உயிரோடிருப்பதற்குக் காரணமானார்கள். வரியிலிருந்து காத்தவர்கள் அவர்கள். சொத்தை ஆண்டவர்கள் அவர்கள் அல்லர்.

இது பழங்கதையாகிவிடவும் இல்லை. மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் ‘இந்துக் கூட்டுக்குடும்பம்’ என்னும் தொடருக்கு வரையறை தந்துள்ளது. உள்நாட்டு வருமான வாரியத்தின் படிவங்களில் கூட்டுக்குடும்பத்துக்கு டி.ஜே. என்றும், இறந்தவர் சொத்துக்கு டி.பி. என்றும், பொறுப்பாண்மை அமைப்புக்கு டி.ஏ. என்றும் தனித்தனிப் படிவம் உண்டு. நம் குடும்ப வழக்கம் ஒன்று இந்நாட்டு வரிப்படிவத்தின் தலைப்பாகவே நிலைத்துவிட்டது.

இரண்டாம் குடும்பம்: தாய்வழியினர்

சுங்கை காடுட்டிலிருந்து தெற்கே சென்றால் ரெம்பாவ். கிழக்கே மலையைக் கடந்தால் கோலாப்பிலா. இம்மாவட்டங்களில் வாழும் மலாய்க் குடிகளிடையே வழங்கும் அடாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபில், முன்னோர் நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கிறது. குடியைச் சேராதவர்க்கு அதை விற்க இயலாது. 1909ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலானில் இயற்றப்பட்ட வழக்காற்று நில உரிமைச் சட்டம் இம்மரபை நிலப்பதிவேட்டில் ஏற்றியது. நிலம் பெண்ணின் பெயரில் பதிவாயிற்று. அது வழக்காற்று நிலம் என்ற குறிப்பும் உடன் எழுதப்பட்டது. வாய்மொழியாக இருந்த மரபு, பதிவேட்டில் ஒரு வரியாக மாறியதால் வலிமை பெற்றது. எழுத்தின் பயன் இது.

மூன்றாம் குடும்பம்: லயத்தினர்

இவ்விரு குடும்பங்களுக்கும் நடுவே, அதே மாநிலத்தில், லயத்துக் குடும்பம் வாழ்ந்தது. குடியிருந்த வீடு நிறுவனத்தினுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நட்ட வாழைக்கும் வளர்த்த மாட்டுக்கும் பட்டா இல்லை. இறந்தவர் விட்டுச்சென்றவை சிறிது நகையும் அடகுச்சீட்டும் மட்டுமே. கூட்டுக்குடும்பம் என்னும் சட்டப்பெயர் இக்குடும்பத்துக்கு எவ்வகையிலும் உதவவில்லை. கூட்டாக ஆள்வதற்கு அங்கே சொத்தே இல்லை.

1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி தோன்றியபோதுதான் தோட்டத் தொழிலாளியின் பெயரில் எழுத்தில் ஒரு சொத்து சேரலாயிற்று. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியும் போனபோது, வெளியேறிய குடும்பங்களில் பல மலிவுவிலை வீடுகளை வாங்கின. அப்போதுதான் அவை அசையாச் சொத்து உடையவை ஆயின. மரபுரிமைச் சட்டம் அக்குடும்பங்களின் வாயிலுக்கு வந்ததும் அன்றே.

உயில் எழுதாமல் இறந்த முஸ்லிமல்லாதவரின் சொத்தைத் தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பிரிக்கிறது. தொடக்கத்தில் அது கணவனையும் மனைவியையும் ஒன்றாக நடத்தவில்லை. மனைவி இறந்தால் அவள் சொத்து முழுவதும் கணவனுக்கு. கணவன் இறந்து பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. விடியுமுன் எழுந்து மரம் சீவிய பெண்ணின் சேமிப்பில் வாங்கிய வீடும் இவ்விதிக்கு உட்பட்டதே. 1997ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வேறுபாட்டை நீக்கியது. இன்று துணையும் பிள்ளைகளும் பெற்றோரும் இருப்பின் துணைக்குக் கால், பெற்றோர்க்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. பெற்றோர் இல்லையெனில் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு.

ஆனால் ‘துணை’ என்பதற்கும் சட்டம் சான்று கேட்கிறது. 1982ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் முஸ்லிமல்லாதார் திருமணத்துக்குப் பதிவை விதித்தது. அதன்பின் கோயிலில் தாலி கட்டி, ஊரறிய வாழ்ந்து, பதிவு மட்டும் செய்யாதிருந்த பெண், கணவன் இறந்தபின் தன் உரிமையை மெய்ப்பிக்கப் பெரும்பாடு பட நேர்ந்தது. ஊர் அறிந்த உறவைப் பதிவேடு அறியவில்லை.

மலேசியாவில் மரண வரி 1991ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாளோடு நீக்கப்பட்டது. ஆகவே இன்று நம் குடும்பங்களை வருத்துவது வரியைவிடத் தாமதமே. சிறு சொத்துகளை நில அலுவலகத்தின் வழியே பகிர்ந்துகொள்ள 1955ஆம் ஆண்டிலிருந்தே தனிச்சட்டம் உண்டு. அப்படியிருந்தும் பாட்டன் பெயரிலேயே நிற்கும் வீடுகள் எத்தனை! ஒரு தலைமுறை தள்ளிப்போட்டால் உரிமையாளர் ஐவர். இரண்டு தலைமுறை தள்ளிப்போட்டால் இருபதின்மர். ஒருவர் கையொப்பம் கிடைக்காவிட்டாலும் வேலை நின்றுபோகும்.

பெயரின் எழுத்து

இறுதியாக என் துறை சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் தம் தாயின் ஆவணங்களோடு என்னைக் காண வந்தார். பிறப்புச் சான்றில் ‘லெட்சுமி’, அடையாள அட்டையில் ‘லெச்சுமி’, சேமநிதி ஏட்டில் ‘லக்ஷ்மி’ என்று உரோமன் எழுத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தன. மூவரும் ஒருவரே என ஓர் அலுவலகம் ஏற்க மறுத்தது. மொழியறிந்தவர் என்ற முறையில் நான் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். எழுதித் தந்தேன், சத்தியப் பிரமாணமும் செய்யச் சொன்னேன். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய ஓர் எழுத்து, அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு குடும்பத்தை அலைக்கழித்தது. ஒலிபெயர்ப்பு குறித்துப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்த எனக்கு அதன் முழு எடை அன்றுதான் தெரிந்தது.

ஆசிரியப் பெருமக்களே, குடும்ப மரம் வரையும் பயிற்சியை நீங்கள் வகுப்பறையில் தருகிறீர்கள். அதில் ஒவ்வொரு பெயரின் கீழும் ஆவணத்தில் உள்ளபடியே எழுத்துகளைக் குறித்துவரச் சொல்லுங்கள். மாணவர்களே, இன்று வீடு சென்றதும் பாட்டியின் திருமணப் பதிவு உண்டா, வீட்டுப் பத்திரம் யார் பெயரில் உள்ளது, சேமநிதியில் யார் பெயர் நியமிக்கப்பட்டுள்ளது என்று கேட்டு எழுதிவையுங்கள். உயில் எழுதுவதை அமங்கலம் எனக் கருதும் பெரியவர்களிடம், விளக்கு அணையாதிருக்க நம் முன்னோர் ஆடுகளின் எண்ணிக்கையைக் கல்லில் வெட்டிவைத்ததைச் சொல்லுங்கள்.