சான்றும் பரிந்துரையும்: சென்னைக் காசநோய் ஆய்வை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மருத்துவ ஆய்வொன்றின் முடிவு நோயாளியை நேரே சென்றடைவதில்லை. இடையில் வல்லுநர் குழு ஒன்று அமர்ந்து அம்முடிவை எடைபோடுகிறது. ‘இவ்வாறு நிகழ்ந்தது’ என்பது ஆய்வின் கூற்று; ‘இவ்வாறு செய்க’ என்பது குழுவின் கூற்று. முன்னது சான்று, பின்னது பரிந்துரை. செய்தி வாக்கியம் வியங்கோளாக மாறும் இவ்விடத்தில் எவை வந்து சேர்கின்றன, எவை விடுபடுகின்றன என்பதை, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வின் பின்புலம்

ஓய்வு, தூய காற்று, சத்துணவு ஆகிய மூன்றுமே நெடுங்காலம் காசநோய்க்குரிய சிகிச்சையாகக் கருதப்பட்டன. இவற்றை வழங்கவே சானடோரியங்கள் தோன்றின. 1928இல் மருத்துவர் சவுரிமுத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் பெயர் இன்றும் அங்குள்ள இரயில் நிலையத்தின் பெயராக வழங்குகிறது. ஆனால் நோயின் பரப்புக்குப் படுக்கைகள் ஈடுகொடுக்கவில்லை. நாட்டில் ஏறத்தாழ 25 இலட்சம் நோயாளிகள் இருப்பதாக மதிப்பிட்ட போர் குழு அறிக்கை (1946), படுக்கைகள் சுமார் 6,000 மட்டுமே என்பதையும் சுட்டியது.

1944இல் ஸ்ட்ரெப்டோமைசின் அறிவிக்கப்பட்டது. அதனையடுத்து பாஸ் மருந்தும், 1952இல் ஐசோநியாசிடும் பயன்பாட்டுக்கு வந்தன. மாத்திரையே நோயைத் தீர்க்குமாயின் சானடோரியம் எதற்கு என்னும் வினா அப்போது எழுந்தது. இவ்வினாவுக்கு விடை காண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இணைந்து 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. வாலஸ் பாக்ஸ் அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

ஆய்வும் அதன் விடையும்

சென்னையின் ஏழை மக்களிடமிருந்து 193 நோயாளிகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை மருத்துவரின் விருப்பம் முடிவு செய்யவில்லை. தற்செயல் ஒதுக்கீட்டு முறை முடிவு செய்தது. இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள், அதாவது ஐசோநியாசிடும் பாஸும், வழங்கப்பட்டன. 1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் சானடோரியத்தாரில் 92 விழுக்காட்டினரும், வீட்டிலிருந்தோரில் 86 விழுக்காட்டினரும் கிருமி நீங்கி நலம் பெற்றிருந்தனர். வீட்டிலிருந்தோர் குறைந்த உணவை உண்டனர். குறைந்த ஓய்வையே பெற்றனர். ஆயினும் விளைவில் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்ததனால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் தொடர் ஆய்வுகளால் தெளிவாயிற்று.

குழுவின் கூற்று

92, 86 என்னும் எண்கள் தாமாக எந்த ஆணையையும் இடுவதில்லை. ஆறு விழுக்காட்டு வேறுபாட்டைப் பொருட்படுத்துவதா, புறந்தள்ளுவதா என்பது தீர்ப்பு சார்ந்தது. படுக்கை நிறைந்த நாடொன்றில் அத்தீர்ப்பு வேறாக அமைந்திருக்கவும் கூடும். பல இலட்சம் பேர் சிகிச்சையின்றி இருந்த நாட்டிலோ அவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றியது. 1962இல் இந்தியா தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் மாவட்ட மையங்களின் வழி வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் காசநோய் வல்லுநர் குழு 1964, 1974 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகளும் மருந்துச் சிகிச்சையைப் பொதுநலப் பணியோடு இணைக்கும் நெறியை வலியுறுத்தின. சான்றோடு வறுமையும் படுக்கைப் பற்றாக்குறையும் சேர்ந்தே இப்பரிந்துரை உருவாயிற்று எனலாம்.

முறைமை மாற்றம்

அக்காலக் குழுக்கள் சில நாட்கள் கூடி, விவாதித்து, ஒருமித்த அறிக்கையை வெளியிட்டன. எச்சான்றுக்கு எவ்வளவு எடை தரப்பட்டது என்பது அறிக்கையைப் படிப்போருக்குப் பெரும்பாலும் புலனாகவில்லை. 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வொன்று, உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரைகள் முறையான சான்றுத் தொகுப்புகளை அரிதாகவே பயன்படுத்துவதாகவும், வல்லுநர் கருத்தையே பெரிதும் சார்ந்திருப்பதாகவும் காட்டியது. அவ்வாண்டிலேயே அந்நிறுவனம் வழிகாட்டுநெறி மறுஆய்வுக் குழுவை அமைத்தது. ‘கிரேடு’ என்னும் தரமிடல் முறையும் ஏற்கப்பட்டது. இம்முறையில் வினா முன்கூட்டியே வரையறுக்கப்படும். சான்றின் உறுதி உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என நான்காகப் பகுக்கப்படும். நன்மை, தீங்கு, செலவு, நோயாளியின் விருப்பம் ஆகியன தனித்தனியே எடைபோடப்படும். சான்றின் உறுதியும் பரிந்துரையின் வலிமையும் வெவ்வேறானவை என்பதே இதன் அடிப்படை.

இதன் பயனைச் சென்னையோடு தொடர்புடைய மற்றொரு செய்தியிலும் காணலாம். நாள்தோறும் மருந்து உண்பதற்கு மாறாக, மேற்பார்வையில் வாரம் இருமுறை மருந்தளித்தாலும் நோய் தீரும் எனச் சென்னை மையம் 1964இல் காட்டியது. மருந்துகள் மாறிய பின்னரும் இடைவிட்டு அளிக்கும் கருத்து நிலைத்தது. 1997 முதல் விரிவாக்கப்பட்ட திருத்திய தேசியத் திட்டத்தில் வாரம் மும்முறை மருந்து வழங்கப்பட்டது. தொகுக்கப்பட்ட சான்றுகளை மீள எடைபோட்ட உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் மும்முறை வழக்கைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. இந்தியாவும் அவ்வாண்டில் நாள்தோறும் மருந்தளிக்கும் முறைக்கு மாறியது.

கேட்கப்படாத வினா

1961இல் சென்னை மையம் உணவு பற்றித் தனிக்கட்டுரை ஒன்றை வெளியிட்டது. தகுந்த மருந்து அளிக்கப்படும்போது உணவின் வேறுபாடு கிருமி நீக்கத்தைத் தீர்மானிக்கவில்லை என்பது அதன் முடிவு. இம்முடிவு தன் எல்லைக்குள் சரியானதே. எனினும் ‘உணவு கிருமி நீக்கத்தைத் தீர்மானிக்கவில்லை’ என்பதும் ‘உணவு தேவையில்லை’ என்பதும் ஒன்றல்ல. சானடோரியத்தாரின் உடல் எடை வீட்டிலிருந்தோரைவிட மிகுதியாகக் கூடியதையும் அவ்வாய்வுகளே பதிவு செய்துள்ளன. பசித்த வீட்டில் அடுத்தவருக்கு நோய் வருவதை உணவு தடுக்குமா என்னும் வினா அங்கு எழுப்பப்படவில்லை.

அவ்வினாவுக்கு 2023இல் விடை கிடைத்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 10,345 குடும்பத்தாரிடையே ‘ரேஷன்ஸ்’ ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. உணவுப்பொதி பெற்ற குடும்பங்களில் காசநோய் உண்டாதல் 39 விழுக்காடு குறைந்தது. காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் நடுவண் அரசுத் திட்டம் 2018இல்தான் தொடங்கியது; 2024இல் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

முடிவுரை

சென்னை ஆய்வு பிழைபடவில்லை. அதனை ஏற்றோரும் தம் காலத்து நெருக்கடிக்கு ஏற்ற முடிவையே எடுத்தனர். அம்முடிவால் படுக்கை கிடைக்காத எண்ணற்றோர் வீட்டிலேயே நலம் பெற வழி பிறந்தது. ஆயினும் ஒரு சான்று, தன்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு மட்டுமே விடை தரும். அவ்விடையைக் கேட்கப்படாத வினாக்களுக்கும் நீட்டும்போது பரிந்துரை சான்றின் எல்லையைக் கடந்துவிடுகிறது. மூலத்தையும் உரையையும் பிரித்தறிதல் போன்றே, சான்றையும் பரிந்துரையையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. அறுபதாண்டு இடைவெளியில் உணவு குறித்து வெளிவந்த இரு ஆய்வுகளும் இதனையே உணர்த்துகின்றன.