பிறப்புப் பதிவேட்டின் ஓரம்: பாலினத் திருத்தம் கடந்து வந்த சட்டப் பாதை

பிறப்புச் சான்றிதழில் பாலினத்தைத் திருத்தும் உரிமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து தொடங்குகிறார்கள். சிக்கலின் வேர் அதைவிடப் பழையது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் அது இருக்கிறது. பதிவேட்டில் உள்ள விவரம் பிழையானது என்றோ, மோசடியாகவோ முறைகேடாகவோ சேர்க்கப்பட்டது என்றோ மெய்ப்பித்தால் பதிவாளர் திருத்தலாம். ஆனால் மூலப் பதிவில் கை வைக்கக் கூடாது. பக்கத்தின் ஓரத்தில் திருத்தத்தை எழுதிக் கையொப்பமும் தேதியும் இட வேண்டும்.

பதிவேடு என்பது பிறந்த நாளின் சாட்சியம் என்ற எண்ணமே இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை. ஆண் குழந்தையைப் பெண் என்று எழுதிவிட்ட எழுத்தரின் தவறுக்கு இதில் வழி உண்டு. முப்பது வயதில் தன்னைப் பெண் என்று அறிவிக்கும் திருநங்கைக்கு இல்லை. அன்று எழுதியது அன்றைய நிலவரப்படி சரிதானே என்று பதிவாளர் மறுத்துவிடலாம்.

இங்கிலாந்தும் இதே எண்ணத்தில் நெடுங்காலம் நின்றது. திருநங்கையான விளம்பர அழகி ஏப்ரல் ஆஷ்லியின் திருமணம் செல்லாது என்று 1970இல் தீர்ப்பளித்த நீதிபதி ஆர்ம்ராட், திருமணத்தைப் பொறுத்தவரை ஒருவரின் பாலினம் பிறக்கும்போதே குரோமோசோம், இனப்பெருக்கச் சுரப்பி, பிறப்புறுப்பு ஆகியவற்றால் முடிவாகிவிடுகிறது என்றார். வழக்கு திருமணம் பற்றியது. அதன் நிழலோ சான்றிதழ்கள் மீதும் படிந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 1986இலும் 1990இலும் இத்தகைய வழக்குகளில் பிரிட்டனின் பக்கமே நின்றது. 2002 ஜூலை 11 அன்று, திருநங்கை கிறிஸ்டின் குட்வின் தொடுத்த வழக்கில், அது ஒருமனதாக நிலையை மாற்றிக்கொண்டது. அதன் விளைவுதான் 2004ஆம் ஆண்டின் பாலின அங்கீகாரச் சட்டம்.

அச்சட்டத்தின் செயல்முறை கூர்ந்து பார்க்கத்தக்கது. மூலப் பதிவு அழிக்கப்படுவதில்லை. அங்கீகாரம் பெற்றவருக்குத் தனிப் பதிவேட்டில் புதிய பதிவு உருவாகிறது. அதிலிருந்தே புதிய பிறப்புச் சான்றிதழ் தரப்படுகிறது. இரண்டு பதிவுகளுக்கும் உள்ள தொடர்பைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. அறுவைச் சிகிச்சை கட்டாயமில்லை. ஆனால் மருத்துவ அறிக்கையும், இரண்டு ஆண்டுகள் அப்பாலினத்தில் வாழ்ந்ததற்கான சான்றும் கேட்கப்படுகின்றன. அந்தக் கெடுபிடி குறைதான். ஆயினும் வரலாற்றுச் சாட்சியத்தையும் ஒருவரின் அந்தரங்கத்தையும் ஒருசேரக் காக்க முடியும் என்று அந்தத் தனிப் பதிவேடு காட்டியது.

இந்தியாவில் 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணைய வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணனும் ஏ.கே.சிக்ரியும் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை அங்கீகரித்தார்கள். அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றார்கள். ஆனால் 15ஆம் பிரிவின் வாசகம் அப்படியே இருந்தது. அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்திசையிலிருந்து ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. பெண்ணாகப் பதிவாகிப் பெண்ணாகவே வளர்ந்த காவலர் ஒருவர், மருத்துவப் பரிசோதனையில் திருநங்கை எனக் குறிக்கப்பட்டுப் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். நீதிபதி நாகமுத்து அந்த ஆணையை ரத்து செய்தார். பிறப்பில் தொடங்கும் சமூக அடையாளத்தை மருத்துவக் கருவிகள் தட்டிப் பறிக்க முடியாது என்றாயிற்று.

பிறந்த நாளின் சாட்சியம் எவ்வளவு உறுதியானது என்பதே கேள்விக்குரியது. இடைப்பாலினக் குழந்தைகளை ஆண் அல்லது பெண் என்ற கட்டத்துக்குள் அடக்க அறுவைச் சிகிச்சைகள் நடந்துவந்தன. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, உயிருக்கு ஆபத்து நேரும் சூழல் தவிர, அவற்றைத் தடைசெய்து தமிழக அரசு அதே ஆண்டு ஆணையிட்டது. கத்தி வைத்துத்தான் உண்மையாக்க வேண்டியிருந்தது என்றால், அந்தப் பதிவை இயற்கையின் வாக்கு என்று கொண்டாட என்ன இருக்கிறது?

2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம், 6ஆம் பிரிவில் மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழுக்கு வழிசெய்தது. ஆண் அல்லது பெண் என்று மாற்ற 7ஆம் பிரிவு அறுவைச் சிகிச்சைச் சான்றைக் கேட்டது; இது 2014 தீர்ப்பிலிருந்து பின்வாங்கல் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிறப்புச் சான்றிதழை அப்பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிட்டபோதும், அதில் முதற்பெயரை மாற்றும் உரிமையையே கொடுத்தது. பதிவுச் சட்டத்தோடு அதை இணைக்கும் திருத்தம் செய்யப்படவில்லை.

இந்த இடைவெளி 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. திருநர் ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற, 15ஆம் பிரிவைக் காட்டி மங்களூருப் பதிவாளர் மறுத்திருந்தார். பதிவுச் சட்டம் திருத்தப்படும்வரை 2019 சட்டத்தின் கீழ் தரப்பட்ட அடையாளச் சான்றிதழை ஏற்று, பழைய பெயரும் பாலினமும் புதியவையும் சேர்ந்த சான்றிதழைத் தர வேண்டும் என்று நீதிபதி சூரஜ் கோவிந்தராஜ் உத்தரவிட்டார். நல்லெண்ணத்தில் பிறந்த தீர்வுதான். ஆனால் ஓரக்குறிப்பு இப்போது சான்றிதழின் உள்ளேயே வந்துவிட்டது. தாளை வாங்கிப் பார்க்கும் எவருக்கும் அவருடைய கடந்த காலம் தெரிந்துவிடும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், கடவுச்சீட்டு எனப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் தலைமுறை வளர்ந்து வருவதற்குள், 15ஆம் பிரிவில் தனிப் பதிவேட்டுக்கும், பழைய பதிவோடு அதற்குள்ள தொடர்பை மூடிவைப்பதற்கும் இடம் செய்தாக வேண்டும்.