கஜானா காலியா?

'கஜானா காலி, சம்பள உயர்வு கிடையாது' என்று கைவிரித்தால் ஒரு டீச்சர் என்ன செய்வார்? கொடி பிடிப்பார், கோஷம் போடுவார். சிகாகோவில் ஒரு டீச்சர் கணக்கு நோட்டைப் புரட்டினார்.

பெயர் மார்கரெட் ஹேலி. ஆறாம் வகுப்பு டீச்சர். 1897-ல் உருவான ஆசிரியர் சங்கத்தின் தலைவிகளில் ஒருவர். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட உயர்வை 1900-ல் பள்ளி வாரியம் ரத்து செய்தபோது அவருக்கு ஒரு சந்தேகம். வரவேண்டிய வரியெல்லாம் வருகிறதா?

சங்கத் தோழி கேத்தரின் காகினும் அவரும் தோண்டினார்கள். சாதாரண ஜனங்கள் வீட்டுவரி கட்டிக்கொண்டிருக்க, டிராம், கேஸ், மின்சார, டெலிபோன் கம்பெனிகள் நகரத் தெருக்களில் தண்டவாளமும் குழாயும் கம்பியும் போட வாங்கிய உரிமத்தின் மதிப்புக்கு வரியே கட்டவில்லை!

வழக்குப் போட்டார்கள். 1901-ல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் டீச்சர்கள் பக்கம் நின்றது. கம்பெனிகள் முரண்டு பிடித்து, தொகையைக் குறைத்துக்கொண்டும்கூட, வருஷத்துக்குச் சுமார் 6 லட்சம் டாலர் வந்தது.

சம்பளம் உயர்ந்ததா என்கிறீர்களா? அதுதான் இல்லை. வாரியம் தன் பங்கை நிலக்கரி பில்லுக்கும் ரிப்பேருக்கும் ஒதுக்கிவிட்டது. மறுபடி கோர்ட். 1904-ல் நீதிபதி எட்வர்ட் டன், 'பணம் டீச்சர்களுக்கே' என்று தீர்ப்பளித்தார்.

இத்தனைக்கும் அந்தப் பெண்களுக்கு மேயர் தேர்தலில் ஓட்டுகூடக் கிடையாது.

பி.காம். படித்தவன் சொல்கிறேன். யாராவது கஜானா காலி என்றால் செலவுப் பக்கத்தை அப்புறம் பாருங்கள். முதலில் கேளுங்கள்: யார் பாக்கி?